மே முப்பத்தொன்று மாலை வரை

பேரையூர்
15.9.2025

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

அண்ணன் மைக்கேல்ராஜ் எழுதுவது. அம்மாவின் முதல் வருஷத் திருப்பலிக்குப் பிறகு நாம் இருவரும் பேசவில்லை. இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நான் சொன்னது தவறு. 'ஒரு கையெழுத்தப் போட்டுட்டு முப்பது வருசமாச் சொல்லிக் காட்டுற' என்று, அதுவும் உன் மதினி ஆரோக்கியமும் என் மகள் ஆஷ்லினும் பக்கத்தில் நிற்கும்போது, சொல்லியிருக்கக் கூடாது. நீ பதிலுக்குச் சொன்னதை நானும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு உதவி வேண்டும். அம்மாவின் டிரங்குப் பெட்டி உன்னிடம்தான் இருக்கிறது. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கேட்டு 1995இல் கொடுத்த மனுவின் நகல், வாரிசுச் சான்றிதழ், நீயும் அம்மாவும் எழுதிக் கொடுத்த ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், எல்லாம் ஒரு பழுப்பு உறையில் பெட்டியின் அடியில் கிடக்கும். ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. வீட்டு முகவரிக்கு வேண்டாம். உறையின் மேல் இருக்கிற ஆபீஸ் முகவரிக்கு அனுப்பு. போனும் வேண்டாம். வீட்டில் இரண்டே அறை, பேசுவது எல்லோர் காதிலும் விழும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


செல்லூர், மதுரை
24.9.2025

அண்ணனுக்கு,

கேட்டவை இத்துடன் இருக்கின்றன. உறையைக் கரையான் அரித்துவிட்டது. தாள்கள் தப்பித்துவிட்டன.

என் கையெழுத்தைப் பார்த்தேன். பதினெட்டு வயதுக் கையெழுத்து. பரிசு வாங்கப் போகிறவள் எழுதியது போல உருண்டையாக இருக்கிறது. 'எனது சகோதரருக்கு வேலை வழங்குவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. உங்களுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, பி.ஏ.வில் நான்கு தாள் பாக்கி. நான் பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல். அந்த வேலையை எனக்கும் கேட்கலாம் என்று அன்றைக்கு வீட்டில் இருந்த ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. கோயில் உபதேசியார் மட்டும் பெருந்தன்மையாக ஒன்று சொன்னார்: 'பொம்பளப் பிள்ளைக்கு வாங்குனா கட்டிக்குடுக்குற வீட்டுக்குல்ல போகும்? இவன் வாங்குனா இவளப் படிக்க வைப்பான்.'

கட்டிக்கொடுக்கிற வீடு கடைசிவரை அமையவில்லை. ஆனால் படிக்க வைத்தீர்கள். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. அப்பா எட்டாம் வகுப்பு படித்துவிட்டுத் தாலுகா ஆபீஸில் பியூனாகி, நிரந்தரச் சம்பளத்தில் நான்கு பேருக்குச் சோறு போட்டார். நான் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கி, பதினெட்டு வருஷமாக மணிக்கணக்கு விரிவுரையாளராக இருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் எனக்கு வேலை கிடையாது. ஜூனில், ஒரு காலத்தில் என் மாணவியாக இருந்து இப்போது துறைத்தலைவியாக இருக்கும் சத்யப்ரியா, என்னை நேர்முகத் தேர்வில் உட்காரவைத்து 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்பாள். வருஷா வருஷம் சொல்கிறேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டு குறித்துக்கொள்கிறாள்.

இது உங்கள் குற்றம் இல்லை. கல்லறை வாசலில் நான் சொல்ல வந்தது, ஆஷ்லினை என் வழியில் அனுப்பாதீர்கள் என்பதுதான். 'நீங்க வாங்குனது அப்பாவோட சாவு, நான் வாங்குனது வெறும் தாளு' என்று அது வாயில் வந்து விழுந்தது. நீங்கள் மறந்தாலும் எனக்கு மறக்கவில்லை.

ஒரு கேள்வி. கருணை அடிப்படை மனுக்களை விசாரித்து அறிக்கை எழுதுகிற மேசை உங்களுடையது. இதே போன்ற தாள்கள் அங்கே கட்டுக்கட்டாக இருக்கும். முப்பது வருஷப் பழசு எதற்கு?

ஜெசிந்தா


பேரையூர்
8.10.2025

ஜெசி,

ஜெராக்ஸ் வந்தது. ஒரு மாதிரிக்காகத்தான் கேட்டேன். அந்தக் காலத்து மனு தெளிவாக இருக்கும். இப்போது கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொண்டுவருவதைப் படித்தால் செத்தது யார், கேட்பது யார் என்றே விளங்குவதில்லை.

வருகிற மே முப்பத்தொன்றோடு எனக்கு ரிட்டையர்மெண்ட். ஆபீஸில் இப்போதே கேலி தொடங்கிவிட்டது. பியூன் மொக்கையன் நேற்று எல்லோர் முன்னாலும், 'அண்ணே, நீங்க போயிட்டா இந்த ஃபேன யாரு ஓட வைக்கிறது? சுவிட்சுக்கு ஓட மாட்டேங்குது, உங்க கையால ஒரு தட்டுத் தட்டுனாத்தான் ஓடுது. போகும்போது கைய மட்டும் ஒப்படச்சுட்டுப் போங்க' என்றான். சிரித்தோம்.

ஆஷ்லினுக்கு நாலாவது தடவையும் சர்க்கார் வேலைப் பரீட்சை போய்விட்டது. எம்.எஸ்ஸி., பி.எட்., இருபத்தாறு வயது. திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். தெருவில் பிரைவேட் ஸ்கூல் டீச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவளும் காலையில் டீச்சர் மாதிரி சேலை கட்டி, கைப்பையில் கடை யூனிஃபார்மை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். கடைப் பின்கட்டில் மாற்றிக்கொள்வாளாம். சாயங்காலம் மறுபடி சேலை.

ஒரு வரன் வந்தது. நல்ல பையன். நான்தான் அடுத்த ஜூனுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கல்யாணமான பெண்ணுக்கும் இப்போது உண்டு என்கிறார்கள். ஆனாலும் ஃபைல் இழுக்கும்.

ஆபீஸுக்கே எழுது.

அண்ணன்


செல்லூர்
13.11.2025

அண்ணனுக்கு,

நேற்று மதினி போன் செய்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'ஏன் ஜெசி, ஒங்கண்ணன் செவ்வாக்கெழம தவறாம ஒன் வீட்டுக்குத்தான வாராரு. ஒரு வாய் கஞ்சி காச்சிக் குடுத்தா என்ன? அல்சருங்கிறாரு, ஒத்த இட்லிய வச்சுக்கிட்டு அரைமணி நேரம் உக்காந்திருக்காரு. சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குது. அண்ணனும் தங்கச்சியும் சேந்துட்டீகன்னு நானே சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்காகப் பச்சத் தண்ணியோடயா அனுப்புவ?'

'இனிமே குடுத்து அனுப்புறேன் மதினி' என்றேன். என்ன ஏதென்று தெரியாமலே உங்கள் பொய்யைக் காப்பாற்றினேன்.

நீங்கள் என் வாசலை மிதித்து இரண்டு வருஷமாகிறது. செவ்வாய்க்கிழமைகளில் எங்கே போகிறீர்கள்?

பழைய தாள்களைச் சந்தேகத்தோடு படிப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். அப்பாவின் மனு ஒரு மாதிரிக்கு வேண்டும். ஆஷ்லினின் கல்யாணம் மே மாதம் கழிந்துதான் நடக்க வேண்டும். முன்னால் நடந்தால் ஃபைல் இழுக்கும். எந்த ஃபைல், அண்ணே? யார் இறந்ததற்கான ஃபைல்?

நான் நினைப்பது தப்பென்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ஜெசிந்தா


பேரையூர்
21.11.2025

ஜெசி,

அந்த ஒரு வரியை எழுத நாலு நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். வரவில்லை.

இரைப்பையில் கட்டி. ஆகஸ்டில் தெரிந்தது. மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து வருவது வலி மாத்திரைக்குத்தான். ஆபரேஷன் செய்து மருந்தும் ஏற்றினால் இரண்டு வருஷம், நேரம் நன்றாக இருந்தால் மூன்று என்றார். ஒன்றும் செய்யாவிட்டால் ஆறு மாசம், கூடிப்போனால் ஏழு. ஆகஸ்டிலிருந்து எண்ணிப் பார். மார்ச்சில் முடிந்துவிடும். மே வரைக்கும் சர்வீஸ் இருக்கிறது. எனக்கு மூன்று வருஷம் பெரிதா, அவளுக்கு முப்பத்துநாலு வருஷம் பெரிதா?

நீ கோபப்படும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா இறந்த அன்றைக்கு நான் கார் பிடிக்கப் போய்த் தாமதமாகிவிட்டது என்றுதான் உங்களுக்குச் சொன்னேன். நான் எங்கேயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நீயும் அம்மாவும் பூசைக்குப் போயிருந்தீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். 'கார் கூட்டிட்டு வாரேம்ப்பா' என்று எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். 'இருடா. இன்னும் பதினஞ்சு நாள்தான் சர்வீசு இருக்கு. அதுக்குப் பெறகு போனா ஒனக்கு ஒன்னுமில்லாமப் போயிரும்' என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன், ஜெசி. இருபத்தொன்பது வயது, வேலை இல்லை, உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம். பிடியை அவர்தான் விட்டார். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு ஓடினேன்.

காலையில் ஆபீஸ் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அந்தப் பிடி தெரியும். அவர் எனக்குச் செய்ததை நான் என் மகளுக்குச் செய்கிறேன். அவ்வளவுதான். ஆரோக்கியத்துக்கும் அவளுக்கும் தெரிய வேண்டாம்.

அண்ணன்


செல்லூர்
27.11.2025

அண்ணே,

இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. போயிருந்தால் பிள்ளைகள் முன்னால் எதையாவது உளறியிருப்பேன்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். உங்களை மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை; அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நானும் படித்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் விஷயம் வேறு. அப்பாவுக்கு யோசிக்க நேரமில்லை. உங்களுக்கு ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு நாளும் நேரம் இருந்திருக்கிறது. மூன்று வருஷம் சின்னதில்லை. அதற்குள் அவள் கல்யாணம் வரும், ஒரு குழந்தைகூட வரும். நீங்கள் இறந்தாலும் நாளைக்கே ஆணை வந்துவிடுமா? பட்டியலில் பெயர் வரவே வருஷங்கள் ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இந்தக் குடும்பத்தில் பெண்ணுக்கு ஒரு வேலை வேண்டும் என்று இப்போதுதான் ஒருவர் முதல்முறையாக நினைக்கிறார். அதற்கு அவர் சாக வேண்டியிருக்கிறது. சமூக மாற்றம் என்று ஒரு தாள் நடத்துகிறேன். இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மதினியிடமும் ஆஷ்லினிடமும் சொல்லத்தான் வருகிறேன். இந்தக் கடிதம் முந்தி வந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஜெசி


செல்லூர்
2.12.2025

அண்ணே,

நான் சொல்லவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். ஏன் சொல்லவில்லை என்பதை எழுதிவிட வேண்டும்.

சாப்பாட்டின்போது மதினி எதிரில் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் ரசச் சோற்றை அளைந்துகொண்டு என்னைப் பார்த்தீர்கள். சரி, முதலில் ஆஷ்லினிடம், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. கேட்டதற்கு, 'நின்னே பில்லுப் போடணும் அத்தை. ஸ்டூலு இருக்கு, கஸ்டமர் உக்கார' என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: 'போன வாரம் எங்கூடப் படிச்ச தமிழ்வாணி வந்தா. நிச்சயத்துக்குப் பட்டு எடுக்க, வீட்டோட. பேனா விழுந்த மாதிரி கவுண்டருக்கு அடியில குனிஞ்சுட்டேன். அவ அம்புட்டுச் சீக்கிரத்துல போகல. கால்மணி நேரம் குனிஞ்சே இருந்தேன். பக்கத்துல நின்ன பொண்ணு, ஏக்கா, கெணறா தோண்டுறங்கிறா.' நானும் சிரித்தேன். 'நீங்க பி.எச்டி. வேண்டாம்னு சொன்னதக் கேட்டது நல்லதாப் போச்சு அத்தை. இல்லாட்டி டாக்டர் ஆஷ்லின் கவுண்டருக்கு அடியில கெடந்திருப்பா.'

சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கில் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் அவள் எப்படி இருப்பாள் என்று ஒரு கணம் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவள் ஜன்னலோரமாக வந்து என் பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

உங்களுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போட்ட கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே விடைதான் வந்தது.

ஜெசி


பேரையூர்
20.4.2026

ஜெசி,

நாலு மாசமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

டாக்டர் சொன்ன ஏழு மாசம் மார்ச்சோடு முடிந்தது. நான் இருக்கிறேன். போன செவ்வாய் அவர், 'பரவாயில்லையே மைக்கேல்ராஜ், நல்லாத் தாங்குறீங்களே' என்று தோளில் தட்டினார். எனக்கு என்ன முகம் வைப்பதென்று தெரியவில்லை.

கஞ்சி மட்டும் இறங்குகிறது. ஆனாலும் ஆபீஸ் போகிறேன். லீவு போட்டால் சர்டிபிகேட் கேட்பார்கள், அதிலிருந்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். மே முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது. விடுமுறை என்றாலும் அன்று மாலை வரை சர்வீஸ்தான். இன்னும் நாற்பத்தொரு நாள்.

மொக்கையன் பிரிவு விழாவுக்கு வசூலை ஆரம்பித்துவிட்டான். 'அண்ணே, வாட்சா மோதிரமா? வாட்சுன்னா வேண்டாங்கிறாக. ரிட்டயரானவருக்கு மணி பாத்து என்னாகப் போகுதுங்கிறாக. மோதிரம்னா வெரலு அளவு குடுங்க' என்று நூலைக் கொண்டுவந்து விரலில் சுற்றினான். சுற்றிப் பார்த்தவன் நூலை மட்டும் மடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

நானாக எதுவும் செய்துகொள்ள மாட்டேன், பயப்படாதே. அது பாவம். வருவதைத் தடுக்காமல் இருப்பது பாவமா என்று சாமியாரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நாள் போய்க்கொண்டே இருக்கிறது, ஜெசி.

அண்ணன்


செல்லூர்
18.5.2026

அண்ணே,

நேற்றுப் பூசைக்குப் போனேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு. நம்பிக்கை வந்துவிடவில்லை, போக வேறு இடம் இல்லை. முழங்காலில் நின்றேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. உங்களைக் காப்பாற்று என்றால் அது ஆஷ்லினுக்கு எதிராகிறது. அவளுக்கு வழி செய் என்றால், அதற்கு அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரியும். எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் விரல்விட்டு நாட்களை எண்ணினேன். பதினான்கு. எதை எதிர்பார்த்து எண்ணினேன் என்பது எண்ணி முடித்த பிறகுதான் உறைத்தது. ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

போதும், அண்ணே. டிசம்பரில் நான் செய்தது தப்பு. 26ஆம் தேதி செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். நிஜமாகவே வாருங்கள். டாக்டரிடம் நானும் வருகிறேன். இனிமேலும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்போம். இந்த மாதம் எனக்கு வேலை இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் உங்களோடு இருப்பேன்.

கஞ்சி வைத்திருப்பேன்.

ஜெசி


பேரையூர்
4.6.2026

ஜெசி,

26ஆம் தேதி நான் வரவில்லை. அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஐந்து நாளில் விடுவதா என்று இருந்துவிட்டேன். நீ வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய்.

வெள்ளிக்கிழமையே விழா வைத்துவிட்டார்கள். சால்வை, மாலை, மோதிரம். 'இனி நல்லா ரெஸ்ட் எடுங்க' என்று எல்லோரும் சொன்னார்கள். ஆரோக்கியத்தையும் ஆஷ்லினையும் மேடையில் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆரோக்கியம் சேமியா பாயசம் வைத்தாள். ஐந்தே முக்காலுக்குச் சர்வீஸ் முடிந்தது. அன்றைக்கு எனக்கு வலிகூட இல்லை.

மேசை டிராயரில் இருந்ததை மொக்கையன் ஒரு பையில் போட்டு வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டான். திங்கட்கிழமை ஆஷ்லின் அதை எடுத்து அடுக்கியிருக்கிறாள். ஸ்கேன், டாக்டர் சீட்டு, அப்பாவின் மனு ஜெராக்ஸ், அதைப் பார்த்து அவள் பெயரைப் போட்டு நான் எழுதி வைத்திருந்த மனு, எல்லாம் ஒரே உறையில் இருந்தது. படித்த பிள்ளை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் கடிதங்களை மட்டும் அவ்வப்போது ஆபீஸிலேயே கிழித்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போகாமல் என்னை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவளிடம், 'டிசம்பர்லயாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்மா. இனி வலி தெரியாமப் பாத்துக்கிறதுதான்' என்றார். வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, 'எனக்கு வேல வேணும்னு நான் எப்பப்பா ஒங்ககிட்டக் கேட்டேன்' என்றாள். கேட்டதில்லைதான்.

பிறகு, 'அத்தைக்குத் தெரியுமா?' என்றாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

'அதான் பாத்தேன். தெரிஞ்சிருந்தா அத்தை விட்டிருக்க மாட்டாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

இனி ஆபீஸ் முகவரிக்கு எழுதாதே. வீட்டுக்கும் எழுத வேண்டாம். ஆஷ்லின் உனக்கு போன் பண்ணப் போகிறாள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த பிறகு பண்ணு என்று அவளிடம் சொல்ல முடியாது. அதனால் சனிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன், அத்தைக்குப் பரீட்சை வேலை இருக்கும் என்று.

எடு. முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்.

அண்ணன்